கியர் பாக்ஸ் தேடிய பதினோரு நாட்கள்

சென்ற மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை விடிகாலை மூன்றரை மணி. அன்னூருக்குச் சற்று முன்னால் எங்கள் மினி லாரி நின்றுவிட்டது. வண்டியில் 700 கிலோ காய்கறி, கீரை, கொஞ்சம் நாட்டு வாழைப்பழம். ஓட்டியவன் என் அக்கா மகன். பக்கத்தில் நான். முதலில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு இரும்பு உடைகிற சத்தம், பிறகு கியர் லீவர் எந்தப் பக்கமும் அசையவில்லை. இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் பெட்டிக்கு அடியில் எண்ணெயே இல்லை. சொட்டுவதற்குக்கூட மிச்சமில்லை என்று பிறகுதான் புரிந்தது.

அன்று ஒரு வாடகை வண்டியைப் பிடித்துச் சரக்கை மாற்றிக் கோவைக்கு அனுப்பினோம். வாடகை 4,500 ரூபாய். கீரையில் பாதி வாடிப் போயிற்று. எங்கள் வண்டியைக் கட்டி இழுத்து ஊர் கொண்டுவந்து சேர்க்க மதியம் ஆயிற்று.

அதற்குப் பிறகு பதினோரு நாட்கள் அந்த வண்டிக்கு ஒரு மாற்று கியர் பாக்ஸ் தேடி அலைந்தோம். வண்டி ரிப்பேருக்கும் இயற்கை வேளாண்மைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விதை, எரு, பூச்சிவிரட்டி எல்லாவற்றிலும் தற்சார்பு பேசுகிற நாம், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி என்று வந்தவுடன் அந்தப் பேச்சை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

யாருக்கும் வேண்டாத வண்டி

சத்தியமங்கலம் பக்கம் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து 2011-இல் அந்த வண்டியை 1,60,000 ரூபாய்க்கு வாங்கினோம். 1992 மாடல். 1980-களில் ஜப்பானிய நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து நான்கு இந்திய நிறுவனங்கள் சிறு லாரிகளைச் செய்யத் தொடங்கின. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி. தொண்ணூறுகளில் மண்டிகளுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும். சில கைமாறின, சில பெயர் மாறின. டிசிஎம் டொயோட்டா, டேவூ கைக்குப் போய்க் கடைசியில் அந்த ஆலையே மூடப்பட்டது. வண்டிகள் மட்டும் இன்னும் அங்கங்கே ஓடுகின்றன. எங்களுடையது அந்த நான்கில் ஒன்று. எது என்பது இங்கே முக்கியமில்லை.

வண்டியை உருவாக்கியவர்கள் விலகிக்கொண்டாலும், அதை வைத்துப் பிழைப்பவர்கள் விலக முடியாது. உதிரிப் பாகத்துக்கு அவர்கள்தான் வழி தேட வேண்டும்.

பட்டறையில் பெட்டியை இறக்கிப் பிரித்தபோது உள்ளே இருந்தது பார்க்கச் சகிக்கவில்லை. அடித்தண்டின் பேரிங் கூடு நொறுங்கி, அதன் துண்டுகள் பற்களுக்குள் புகுந்து மூன்றாவது கியரின் பற்களைக் கடித்துத் துப்பியிருந்தன. பேரிங் உட்காரும் இடத்தில் வார்ப்பிலேயே விரிசல்.

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங் தம்பி, எண்ணெய் ஒழுகறது எத்தன நாளாத் தெரியும்?"

உண்மையைச் சொன்னேன். இரண்டு வருடமாகத் தெரியும். வண்டி நிற்கும் சாளையில் தரையில் சொட்டு விழுவதைப் பார்த்து, அந்த இடத்தில் மரத்தூள் கொட்டி வைத்தவன் நான்தான். தரை கறை படக் கூடாதென்று அத்தனை அக்கறை! எண்ணெய் முத்திரையை மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயோடும் ஒரு நாள் வேலையோடும் முடிந்திருக்கும். ஆறு மாதமாக மூன்றாவது கியர் தானாகக் கழன்று வந்தது. அதற்கும் என் வைத்தியம், லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டச் சொன்னது.

இலை மஞ்சளானால் மருந்துக்கடைக்கு ஓடாதே, மண்ணைப் பார், வேரைப் பார் என்று பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. சொந்த வண்டிக்கு அதைச் செய்யவில்லை. நோயின் அறிகுறியை மூடி மறைத்து நோயை வளர்த்தேன். பழைய வண்டி நம்மைக் கைவிட்டது என்று நாம் சொல்லும்போதெல்லாம், முதலில் கைவிட்டது யார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் வாசலில்

வியாழன் சாயங்காலம் ஐந்து குடும்பமும் கூடினோம். அக்கா மகன் முதல் ஆளாகப் பேசினான். இருபத்தாறு வயது.

"மாமா, நீங்க எல்லாம் பழசு பழசுன்னு பெருமை பேசறீங்க. விடிகாலை மூணு மணிக்கு நடு ரோட்டுல நிக்கறது நானுங்க. இன்னொரு தடவ இப்படி நின்னா நான் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போய்க்கறேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அவன் சொன்னதில் பொய் இல்லை. வண்டியை ஓட்டத் தெரிந்த, இரவில் கண்விழிக்கத் தயாரான ஒரே இளைஞன் அவன். அவன் போனால் வண்டி இருந்தும் பயனில்லை. சந்தை நின்றால் ஐந்து குடும்பமும் மறுபடி மண்டித் தரகரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் அவனும் நானும் ஒரு புது வண்டி விற்பனையகத்துக்குப் போனோம். தேநீர் கொடுத்தார்கள். பழைய வண்டியின் பெயரைச் சொன்னதும் அங்கிருந்த தம்பி சிரித்தார். "சார், அத எடைக்குப் போட்டுடுங்க. ஆதார், சிட்டா கொண்டு வாங்க, ரெண்டே நாள்ல லோன்." விலை 11 லட்சம். 3 லட்சம் கையிலிருந்து, மீதி 8 லட்சம் கடன். வட்டி 11 விழுக்காடு, ஐந்து வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 17,400 ரூபாய்.

கையெழுத்துப் போடும் அளவுக்கு நான் நெருங்கிவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அலுப்பு மனிதனை எதற்கும் சம்மதிக்க வைத்துவிடும். வெளியே வந்து நோட்டில் கணக்குப் போட்டோம். மாதத்துக்கு எட்டு, ஒன்பது நடை. ஒரு நடைக்குத் தவணை மட்டும் சுமார் 2,000 ரூபாய். ஒரு நடையில் 700 கிலோ என்றால், கிலோவுக்கு ஏறத்தாழ 3 ரூபாய் தவணைக்கே போகும். டீசல், காப்பீடு எல்லாம் தனி. ஐந்து வருட முடிவில் வட்டி மட்டும் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தத் தேதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். நாம் விளைவிப்பது பருவத்துக்குப் பருவம். தவணைக்குப் பருவம் கிடையாது.

அக்கா மகன் அந்தக் கணக்கை இரண்டு முறை பார்த்தான். "சரிங் மாமா. ஒரு வாரம் தேடிப் பாக்கலாம். கிடைக்கலைன்னா லோன்தான்" என்றான். அது நியாயமான கெடு.

பெட்டிகளின் சந்தையில்

சத்தியிலும் ஈரோட்டிலும் உதிரிபாகக் கடைக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கோவையில் பல்சக்கரம் வெட்டித் தருகிற ஒரு பட்டறையில் கேட்டோம். மோட்டாரும் பம்பும் செய்து பழகிய ஊர், எதையும் கடைந்து கொடுப்பார்கள். அவர் நேர்மையானவர். "பல்லு வெட்டித் தரலாமுங்க. ஆனா சரியான இரும்புல வெட்டி, மேல்தோல மட்டும் கெட்டியாக்கற சூட்டு வேலையும் செய்யோணும். அது இல்லாம வெட்டினா ஆறு மாசத்துல மொட்டையாயிரும். உங்க பெட்டியில வார்ப்பே விரிசல் விட்டிருக்குது. காச வீணாக்காதீங்க" என்று திருப்பி அனுப்பினார். வேலை வேண்டாம் என்று சொல்லும் பட்டறைக்காரரின் சொல் மதிப்பானது.

உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு முழு நாள். அங்கே ஒரு கடையில் எங்கள் பெட்டி மாதிரியே ஒன்று, புதுக் கறுப்புச் சாயம் பளபளக்கக் கிடந்தது. "அச்சு அசல் இதேதான்" என்றார் கடைக்காரர். அக்கா மகனுக்குக் கண் விரிந்தது. மெக்கானிக் அண்ணன் முன்யோசனையாகச் சில அளவுகளை எழுதிக் கொடுத்திருந்தார். கிளட்ச் தட்டு பொருந்தும் தண்டின் வரிப்பல்லை எண்ணினால், எங்களதில் பதினான்கு, அதில் பத்து. வாங்கியிருந்தால் போன காசு போனதுதான்.

சென்னை புதுப்பேட்டைக்குப் போன் போட்டோம். அங்கே கிடைக்காத பழைய பாகம் இல்லை என்பார்கள். ஒருவர் இருக்கிறது என்று படம் அனுப்பினார், முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார். பார்க்காத பெட்டிக்குப் பணம் அனுப்ப மனம் வரவில்லை.

நாமக்கல்லுக்குப் போனோம். லாரியை நம்பி வாழ்கிற ஊர். அங்கே ஒரு வயதான கியர் பாக்ஸ் மேஸ்திரி வண்டிப் பெயரைக் கேட்டதும் யோசித்துவிட்டுச் சொன்னார். "உங்க பக்கமே ஒண்ணு இருக்கோணுமே. கோபிக்குப் பக்கத்துல ஒரு அரிசி ஆலை. அவுங்க வண்டிக்கு நாந்தான் பெட்டி வேலை பார்த்தேன். சேஸ் முறிஞ்சுபோச்சுன்னு நிறுத்திட்டாங்க. எடைக்குப் போடாம இருந்தா உங்க யோகம்."

சத்தியிலிருந்து கோபி முக்கால் மணி நேரம். அந்த ஆலையைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறோம். பின்புறம் வேப்பமரத்தடியில் எட்டு வருடமாக அந்த வண்டி நின்றிருந்தது, பொருத்துகள் நடுவே கோழிகள் அடைந்திருந்தன. எந்தக் கடையின் பட்டியலிலும் இல்லாத அது, ஒரு மேஸ்திரியின் நினைவில் மட்டும் இருந்தது. பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிப் போனவர்கள் சொல்வதும் இதுதானே. ஆராய்ச்சி நிலையத்தில் கிடைக்காதது ஏதோ ஒரு பாட்டியின் குதிருக்குள் இருந்திருக்கும்.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு

இந்த அலைச்சலில் மெக்கானிக் அண்ணனிடமும் நாமக்கல் மேஸ்திரியிடமும் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில், கழற்றிய பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் அளவுகோல். வார்ப்பில் இருக்கும் எண்ணைச் சுத்தம் செய்து எழுதிக்கொள்ளுங்கள், படமும் எடுங்கள். வண்டிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் வருடத்துக்கு வருடம் பெட்டி மாறியிருக்கும். பெயரை நம்பி வாங்கக் கூடாது.

இரண்டாவது, அளவு. கிளட்ச் தட்டு ஏறும் தண்டில் வரிப்பல் எத்தனை, அந்தத் தண்டின் கனம் எவ்வளவு, நுனி எவ்வளவு, எஞ்சினோடு சேரும் முகப்பில் போல்ட் துளைகள் எங்கெங்கே, முகப்பிலிருந்து பின் பிளாஞ்ச் வரை நீளம் எவ்வளவு, பிளாஞ்சில் துளை எத்தனை. நீளம் மாறினால் பின்னால் ஓடும் நீளத் தண்டை வெட்டி ஒட்ட வேண்டி வரும், அதைச் சமன் பார்த்துச் செய்யாவிட்டால் வண்டி அதிரும். கியர் லீவர் எழும்பும் இடமும், வேகமானி ஒயர் சேரும் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

மூன்றாவது, கையால் சுற்றிப் பார்ப்பது. நியூட்ரலில் பின்தண்டைப் பிடித்துக்கொண்டு முன்தண்டைச் சுற்றினால் அரைகிற சத்தம் இல்லாமல் சுற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். முன்தண்டு எத்தனை சுற்றுக்குப் பின்தண்டு ஒரு சுற்று வருகிறது என்று சாக்பீஸால் குறி போட்டு எண்ணி, உங்கள் பெட்டியோடு ஒப்பிடுங்கள். முன்தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள்.

நான்காவது, எண்ணெய். வடிகால் போல்ட்டைக் கழற்றி வடிக்கச் சொல்லுங்கள். வெள்ளிப்பொடி போலக் கொஞ்சம் வந்தால் அது வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் வேண்டாம். பால் கலந்த காபி போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சொட்டு எண்ணெயும் இல்லாமல் துடைத்துச் சாயம் பூசிய பெட்டி என்றால் இன்னும் எச்சரிக்கை. மேல்மூடியைக் கழற்றிப் பற்களைப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, காகிதம். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அதன் பதிவுச் சான்று நகல், விற்றவர் கையெழுத்து, ரசீது. திருட்டுப் பொருளை மலிவாக வாங்கிவிட்டுக் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டாம்.

கடைசியாக, பெட்டி இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எண்ணெய் முத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து மாற்றிவிடுங்கள். இவற்றுக்காக இன்னொரு முறை இறக்கினால் இரட்டைக் கூலி. எண்ணெய் வாங்கும்போது வண்டியின் கைப்புத்தகத்தில் சொன்ன ரகமே வேண்டும். பித்தளை வளையங்கள் உள்ள பழைய பெட்டிகளில் சில புது ரக எண்ணெய்கள் அந்தப் பித்தளையை அரித்துவிடும் என்று மேஸ்திரி எச்சரித்தார். விலை கூடியது என்பதால் நல்லது ஆகிவிடாது.

ஆலைக்காரரோடு பேசி முடித்தது 26,000 ரூபாய். கிளட்ச், பேரிங், முத்திரைகள் 6,800. எண்ணெய் 1,700. மெக்கானிக் கூலி 5,000. வண்டியை இழுத்து வந்ததும் பெட்டியை ஏற்றி வந்ததும் 4,500. மொத்தம் 44,000. இடையில் மூன்று நடைக்கு வாடகை வண்டி 13,500. எல்லாம் சேர்த்து 57,500, குடும்பத்துக்கு 11,500 ரூபாய். புது வண்டியின் மூன்றரை மாதத் தவணைகூட இல்லை. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வண்டியிலேயே கோவைக்குப் போனோம்.

எதிர்வாதங்களும் உண்டு

பழைய வண்டி புகை கக்குமே, இயற்கை விவசாயி இதைப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. புகைதான் கக்கும் என்றால் ஓட்டக் கூடாது. நாசில், பம்ப் இரண்டையும் சரிபார்த்து வைத்தால் கரும்புகை வெகுவாகக் குறையும். அதோடு பிரேக், ஸ்டீயரிங் விஷயத்தில் எந்தச் சமரசமும் ஆகாது. சேஸ் துருப்பிடித்து முறிகிற நிலைக்கு வந்தால் அந்த வண்டிக்கு விடைகொடுக்க வேண்டியதுதான். கோபி வண்டிக்கு அந்த முடிவு வந்துவிட்டது, எங்கள் வண்டிக்கும் ஒரு நாள் வரும். பழசு என்பதற்காக எதையும் நான் கும்பிடச் சொல்லவில்லை.

ஆனால் வயதை மட்டும் பார்த்து ஒன்றை அழிப்பது வேறு. 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைத்தது. தனியார் சரக்கு வண்டிகளைப் பொறுத்தவரை அதன் அடிப்படை, தகுதிச் சோதனையில் தேறாத வண்டியை அகற்றுவது. அதில் தவறு காண முடியாது. ஆனால் 2022 முதல் பதினைந்து வருடம் கடந்த வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் பல மடங்கு ஏற்றப்பட்டது. சோதனையில் தேறுகிற வண்டியை வைத்திருப்பவருக்கும் அந்தச் சுமைதான். வாரம் இரண்டு நடை போகும் உழவர் வண்டியையும், இரவு பகலாக ஓடும் வணிக வண்டியையும் ஒரே தராசில் நிறுப்பது சரியா?

ஜே.சி. குமரப்பா 1945-இல் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை எழுதினார். இயற்கையில் இரண்டு வகைச் செல்வம் உண்டு என்பது அவர் பார்வை. காடு, மழை, விளைச்சல் போல ஓடிக்கொண்டே இருக்கும் வரவு ஒன்று. இரும்பு, நிலக்கரி, எண்ணெய் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு இன்னொன்று. ஒரு லாரி முழுக்க முழுக்க இரண்டாவது வகை. பூமியிலிருந்து தோண்டி, உருக்கி, வார்த்து முடித்த இரும்பை எத்தனை காலம் பயன்படுத்த முடியுமோ அத்தனை காலம் பயன்படுத்துவதுதான் அந்த இருப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்து வருவது இன்னும் பெரிய சிக்கல். எங்கள் பழைய வண்டியை மெக்கானிக் அண்ணன் ஸ்பானரும் காதும் கொண்டே சரிசெய்துவிடுகிறார். 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளிலும், 2023 சனவரிக்குப் பிறகு வந்த 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களிலும் மின்னணுக் கட்டுப்பாடு கூடிவிட்டது. புகை குறைகிறது, நல்லதுதான். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியும் மென்பொருளும் கம்பெனிக்காரர் கையில் மட்டும் இருந்தால், நமது சொந்த டிராக்டரை நாமே திறக்க முடியாத நிலை வரும். அமெரிக்க உழவர்கள் இதற்காகப் பல வருடம் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-இல் சட்டமே இயற்றி, வேளாண் கருவிகளைப் பழுதுபார்க்கத் தேவையான பாகம், கருவி, தகவல் எல்லாவற்றையும் உழவருக்கும் வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இங்கே 2022 சூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்தது, அது எடுத்துக்கொண்ட துறைகளில் வேளாண் கருவிகளும் உண்டு. விதை உரிமை பேசும் உழவர் அமைப்புகள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியாத விதையும், திறந்து பார்க்க முடியாத இயந்திரமும் நம்மை ஒரே கடை வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தும்.

நினைவில் இருப்பவர்கள்

இத்தனைக்கும் பிறகு என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. நாமக்கல் மேஸ்திரிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். எங்கள் மெக்கானிக் அண்ணனிடம் வேலை பழக ஒரு பையனும் இல்லை. அவர் மகன் கணினி வேலைக்குப் போய்விட்டார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர்கள் இருவரும் இல்லாவிட்டால் கோபி ஆலைப் பெட்டி வேப்பமரத்தடியில் கிடந்தே மக்கியிருக்கும். விதைகளைக் காக்கிறவர்களுக்கு விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். பட்டறைக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் கூலிக்குப் பேரம் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். இந்த முறை பேசவில்லை.

பெட்டியைப் பூட்டிய இரண்டு நாளும் அக்கா மகன் பட்டறையிலேயே இருந்தான். முதல் நாள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். இரண்டாம் நாள் மேல்மூடியை அவனையே பூட்ட வைத்தார் அண்ணன். அவன் பூட்டியதை ஒரு வார்த்தையும் பேசாமல் கழற்றி, மறுபடி பூட்டச் சொன்னார். மூன்றாவது தடவைதான் தலையசைத்தார்.

எங்கள் ஐந்து குடும்பமும் மூன்று முடிவு எடுத்தோம். ஒவ்வொரு நடைக்கும் 200 ரூபாய் வண்டி உண்டியலில் போட வேண்டும். மாதம் எட்டு நடை என்றாலும் வருடத்துக்கு 19,200 ரூபாய் சேரும். அமாவாசைக்கு அமாவாசை எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், சக்கர நட்டு இவற்றைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். முறை வைத்திருக்கிறோம், முதல் மாதம் என் பெயர். மூன்றாவது, எங்கள் வட்டாரத்தில் ஓடாமல் நிற்கும் பழைய வண்டி, டிராக்டர், பவர் டில்லர், எண்ணெய் எஞ்சின் என்னென்ன எங்கே இருக்கின்றன, எந்தப் பட்டறையில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறோம். இதுவரை இருபத்தி மூன்று பதிவுகள் வந்திருக்கின்றன. உடைந்த பெட்டியையும் எடைக்குப் போடவில்லை. அதில் நல்ல பல்சக்கரங்கள் நான்கு இருக்கின்றன.

அக்கா மகன் இன்னும் புது வண்டிதான் வேண்டும் என்கிறான். அதுவும் தப்பில்லை. உண்டியல் நிறையட்டும், கடன் இல்லாமல் வாங்கலாம், ஆனால் நீ கழற்றிப் பூட்டக்கூடிய வண்டியாக நீயே தேர்ந்தெடு என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குத் திருப்பூர்ப் பேச்சை எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை முடிந்து வந்ததும் பட்டறைக்குப் போய்விடுகிறான்.

உங்கள் ஊரிலும் மரத்தடியில் ஏதாவது ஒரு வண்டி நிற்கும், அதன் உள்ளும் புறமும் அறிந்த ஒரு பெரியவர் இருப்பார். இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்படியே இன்று சாயங்காலம் உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். சொட்டு விழுந்திருந்தால் மரத்தூள் போடாதீர்கள்.